கோயிலின் இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் மாமா

விழுப்புரத்தில் நாங்கள் போகும் கோயிலில் ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். நடுவே சிவப்பு விரிப்புப் போட்ட பாதை. எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் ஒதுங்கிக்கொள்ள வேண்டிய அகலம்தான் அதற்கு.

தூணை ஒட்டிய வரிசையில், பாதையின் இடது ஓரத்தில் அம்மா உட்காருவார். அதே வரிசையில், பாதையின் வலது ஓரத்தில் அந்தோணி மாமா. அம்மாவுக்கு உடன்பிறந்தவர் அவர் ஒருவர்தான், அம்மாவைவிட இளையவர்.

பூசையின் பிற்பகுதியில் பாதிரியார் மக்களைப் பார்த்து, ஒருவருக்கொருவர் சமாதானம் அறிவித்துக்கொள்ளும்படி சொல்வார். சில நாடுகளில் அப்போது கைகுலுக்குகிறார்கள். சில நாடுகளில் கன்னத்தோடு கன்னம் வைக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் கைகூப்பித் தலைதாழ்த்துவோம். அக்கம்பக்கம், முன்னால், பின்னால் என்று எல்லோருக்கும் ஒரு கும்பிடு. கொஞ்ச நேரம் கோயில் முழுக்க வளையல் சத்தம் கேட்கும்.

வெளிநாட்டிலிருந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. மார்கழிக் குளிர் இன்னும் விலகாத காலைப் பூசை. மெழுகுவத்தி வாசனையோடு யாரோ தடவியிருந்த தைலத்தின் நெடியும் கலந்து வந்தது. பாதிரியார் அந்த வரியைச் சொன்னார். அம்மா வலப்பக்கம் திரும்பினார். மாமா இடப்பக்கம் திரும்பினார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக் கைகூப்பினார்கள். நிதானமாக, அவசரமில்லாமல், குறைவில்லாமல். பிறகு பீடத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள்.

அவர்கள் இருவரும் பேசிக்கொண்டு பத்து வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது.

என்ன படிப்பு?

அப்போது நான் படித்துக்கொண்டிருந்தது பன்னாட்டுச் சட்டம், பாதுகாப்பு, சமாதானம் ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கட்டிய ஒரு முதுகலைப் படிப்பு. ஒரே பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து படிப்பதல்ல. பருவத்துக்கு ஒரு நாடு. மழை பக்கவாட்டில் அடிக்கும் ஒரு தட்டையான நாட்டில் முதல் பருவத்தை முடித்துவிட்டு, அடுத்த நாட்டுக்குப் போகுமுன் கிடைத்த இடைவெளியில் வீட்டுக்கு வந்திருந்தேன்.

அதற்கு முன் திண்டிவனம் நீதிமன்றத்தில் வழக்கறிஞராக இருந்தேன். வரப்புத் தகராறு, ஜீவனாம்சம், வாடகை வீட்டைக் காலி செய்ய மறுக்கும் வழக்கு. வயது முப்பதின் பிற்பகுதி. கல்யாணம் ஆகவில்லை. இந்த மூன்று தகவல்களையும் சேர்த்துப் பார்த்த எங்கள் தெரு, நான் ஏதோ கோபத்தில்தான் விமானம் ஏறினேன் என்று முடிவுகட்டியிருந்தது.

எதிர்வீட்டுப் பிலோமினா அக்கா ஒருநாள் வாசலில் அம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னா படிப்புதான் அது? செக்யூரிட்டின்றாங்க, பீஸுன்றாங்க. ஒண்ணும் புரியல எனக்கு.”

“சண்டை போட்டுக்கினு கெடக்கற நாட்டையெல்லாம் ராசி பண்றதாம்” என்றார் அம்மா.

“அப்ப நம்ம தெருக் கொழாயாண்ட ஒரு பெஞ்சு போட்டு ஒக்கார வெய்யி. அங்க பழகிக்கினு அப்புறம் நாட்டுக்குப் போவட்டும்.”

உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தப் படிப்பைப் பற்றி அம்மா சொன்னதைவிடத் தெளிவாக ஒரு வரியை நானும் அதுவரை கண்டுபிடித்திருக்கவில்லை. ஒரு பேராசிரியர், சட்டம் இருந்தால் சமாதானம் வரும் என்றார். அடுத்த வகுப்புக்கு வந்தவர், சமாதானம் வந்த பிறகுதான் சட்டத்துக்கு வேலை என்றார். இரண்டையும் குறித்துக்கொண்டேன். இரண்டுக்கும் நல்ல மதிப்பெண் கிடைத்தது.

விடுதியின் பொதுச் சமையலறையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். அவர்களுடைய நாடுகள் ஒன்றையொன்று குண்டுபோட்டுக்கொண்டிருந்தன. பெயர்களை எழுதப் போவதில்லை. இருவரும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் ஒருத்தி அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோன பாலை மற்றவள் இறக்கி வைப்பாள். யார் இறக்கியது என்று முதலாமவள் கேட்கமாட்டாள். அதற்கு என்ன பெயர் என்று எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

அந்த விடுமுறைக்கு நான் சுமந்துவந்த கட்டுரை, நாடுகளுக்கிடையே வழக்கம் எப்படிச் சட்டமாகிறது என்பதைப் பற்றியது. நாடுகள் ஒரு காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்வதால் மட்டும் அது சட்டமாகிவிடாது. கட்டுப்பட்டுச் செய்கிறோம் என்ற எண்ணம் உள்ளே இருக்கவேண்டும். அந்த எண்ணம் இருந்ததா என்பதை வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது? நூலகத்தில் இதைப் பற்றி அலமாரி அலமாரியாகப் புத்தகங்கள் இருந்தன. படிக்கப் படிக்க எனக்குக் குழப்பம்தான் கூடியது.

மழை நாளில் ஓர் அடக்கம்

சண்டையின் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவின் அப்பா இறந்தபோது நாங்கள் திண்டிவனத்தில் இருந்தோம். அவர் வீடு காணையைத் தாண்டி ஒரு கிராமத்தில். செய்தி வந்தவுடன் கிளம்பினோம். ஐப்பசி மழை. நெடுஞ்சாலையில் ஒரு லாரி குறுக்கே சாய்ந்து கிடந்தது. வண்டிகள் நகரவில்லை. அன்றைக்குக் கையில் இருந்த போனில் சார்ஜும் தீர்ந்துபோனது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கல்லறையை மூடி, மேலே சிலுவையை நட்டு, பூ தூவி முடித்திருந்தார்கள். பாதிரியார் கொடுத்த நேரம் தப்பிவிடும், மழையில் குழி நிறைகிறது, உடல் தாங்காது என்று ஊரார் சொன்னார்கள். மாமா சரி என்றிருக்கிறார்.

அம்மா அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த ஈர மண்ணில் நின்றுகொண்டு, ஊரே கேட்க, அம்மா தம்பியிடம் சொன்னார்: “உன் சாவுக்கும் நான் வரமாட்டேன்டா.”

அவ்வளவுதான். மாமாவிடம் ஒரு குற்றம், அம்மாவிடம் ஒரு குற்றம். எது பெரியது என்று நிறுக்க என்னால் முடியவில்லை. என் படிப்பில் அதற்கும் தராசு இல்லை.

சில வருடங்களில் எங்கள் அப்பாவும் போய்விட்டார். தங்கை ஸ்டெல்லாவுக்கு முண்டியம்பாக்கம் மருத்துவமனையில் நர்ஸ் வேலை கிடைத்தது. அவள் போய்வர வசதியாக இருக்கட்டும் என்று அம்மா விழுப்புரத்துக்குக் குடிவந்தார். மாமாவும் ஞாயிறுதோறும் அதே கோயிலுக்குத்தான் வருவார். முதல் ஞாயிற்றுக்கிழமை அம்மா உள்ளே நுழைந்து, சுற்றிப் பார்த்து, தம்பி எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று கண்டுகொண்டு, அவருக்கு நேர் எதிரே பாதையோரத்தில் போய் உட்கார்ந்தார். ஏன் அங்கே என்று நாங்கள் கேட்கவில்லை. மாமாவும் இடம் மாறவில்லை.

மாமன் மாலை

அந்தத் தை மாதம் ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு திண்டிவனம். பூசையும் சாப்பாடும் அங்கே.

எங்கள் குடும்பங்களில் கல்யாணக் காலையில் தாய்மாமன் வந்து மாலை போட்ட பிறகுதான் பெண் வாசல் தாண்டுவாள். மாமன் இல்லாதவர்களுக்கு ஒன்றுவிட்ட மாமன் போடுவதுண்டு. கண்ணெதிரே மாமன் இருக்க, வேறொருவர் போடுவது ஊர் பேசும் பேச்சு. மாப்பிள்ளை வீட்டார் திருமண ஒப்பந்தத்தன்றே கேட்டுவிட்டார்கள், தாய்மாமன் எங்கே என்று. ஊரில் அறுப்பு என்று அம்மா சமாளித்தார். கல்யாணத்தன்றும் அறுப்பு என்று சொல்லமுடியாது.

“செஞ்சி அண்ணன் போடட்டும்” என்றார் அம்மா. அவர் அம்மாவின் பெரியப்பா மகன்.

“என்னைத் தோள்மேல தூக்கிக்கினு தேர் காட்டினது செஞ்சி மாமாவா?” என்றாள் ஸ்டெல்லா. வேலை முடிந்து வந்து சீருடையைக்கூட மாற்றவில்லை. “அந்தோணி மாமா மாலை போடாம நான் கார்ல ஏறமாட்டேன். நீங்க ரெண்டு பேரும் போய்ப் பந்தில ஒக்காந்து சாப்டுட்டு வாங்க.”

“பேஜாரு பண்ணாதடி.”

“பேஜாரு யாரு பண்றது? பத்து வருஷமா யாரு பண்றீங்க?”

அம்மா எழுந்து போய்விட்டார். ஸ்டெல்லா என் பக்கம் திரும்பினாள்.

“நீதான அக்கா இதைப் படிக்கிற?”

விளையாட்டாகக் கேட்கவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது.

காணைப் பேருந்தில்

மறுநாளே மாமாவைப் பார்க்கக் காணைப் பேருந்தில் ஏறினேன். கரும்பு ஏற்றிய டிராக்டர்களின் பின்னால் பேருந்து ஊர்ந்தது. ஜன்னல் வழியே சக்கையின் புளித்த இனிப்பு வாசனை.

மாமா களத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் காலால் தள்ளிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு வந்தார்.

“வா பாப்பா. ஃபாரின்லேர்ந்து வந்திருக்கறத கோயில்லயே பாத்தேன். இன்னா இப்படி எளச்சிப்பூட்ட? சகாயம், பாப்பாவுக்கு மல்லாட்டை வறுத்து எடுத்தா.”

“மாமா, ஸ்டெல்லா கல்யாணம்...”

“தெரியாதா எனக்கு? மொத ஓலை படிச்சாங்களே. நானும் கோயில்லதான குந்திக்கினு இருந்தேன்.”

இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறுகள் கோயிலில் வாசிப்பதைத்தான் ஓலை என்போம்.

“நீங்கதான் மாலை போடணும், மாமா.”

“போடறேன். வேணாம்ன்னா சொன்னேன்? எங்க அக்கா இந்த வாசல்ல வந்து நின்னு ஒரு வார்த்தை கூப்டட்டும். மறுபேச்சு பேசாம வர்றேன்.”

“அம்மா நீங்க மொதல்ல பேசணுன்றாங்க.”

“என் சாவுக்கு வரமாட்டேன்னவ கிட்ட நான் போய் இன்னா பேசறது? எப்ப சாவணும்னு கேட்டுக்கினு வரவா?”

சகாயம் அத்தை வறுத்த வேர்க்கடலைத் தட்டை என் மடியில் வைத்தார். “வாராவாரம் கோயில்ல கும்புடு மட்டும் போட்டுக்குவாங்க ரெண்டு பேரும். எலெக்சன்ல நிக்கறவனுங்க மாதிரி.”

“அது எனக்குப் போடற கும்புடா?” என்றார் மாமா. “ஃபாதர் சொல்றாரு, அவ கும்புடறா. அந்த எடத்துல ஒரு தூணு இருந்தாலும் கும்புடுவா.”

வீட்டுக்கு வந்து இதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா கத்தரிக்காய் அரிவதை நிறுத்தவில்லை. “அவன் மட்டும் எனக்கா கும்புடறான்? எங்கப்பன் மொகத்தை மறைச்சவன். வயசுல சின்னவன். அவன் வாசல்ல நான் போய் நிக்கணுமா?”

இப்படியே இரண்டு முறை போய்வந்தேன். இதற்கு நடுவில் இரண்டாம் ஓலையும் வாசித்துவிட்டார்கள்.

முடித்துவிட்டு வந்த பருவத்தில் எங்களுக்கு வகுப்பில் ஒரு மாதிரிப் பேச்சுவார்த்தை வைத்தார்கள். இல்லாத இரண்டு நாடுகளுக்கு இல்லாத ஒரு போர். நான் நடுவராக இருந்தேன். மாலைத் தேநீருக்கு முன் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பேராசிரியர் என் பொறுமையைப் பாராட்டினார். காணைப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதை நினைத்துக்கொண்டேன். அந்த நாடுகளுக்கு அப்பா இறந்திருக்கவில்லை.

ஒரு சொல்லுக்கு ஒரு வாரம்

யார் முதலில் பேசுவது என்பதுதான் முடிச்சு. ஆகவே இருவரும் முதலில் பேசாதபடி ஒரு வழி தேடினேன்.

வழி கோயிலிலேயே இருந்தது. சமாதானம் அறிவிக்கும் நேரத்தில் இருவரும் ஒரே சமயம்தான் திரும்புகிறார்கள். ஒரே சமயம்தான் கைகூப்புகிறார்கள். திரும்பச் சொல்வது பாதிரியார். அவர்தான் முதலில் பேசியவர். அந்தக் கும்பிடோடு ஆளுக்கு ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் போதும். அழைத்ததும் ஆயிற்று, ஏற்றதும் ஆயிற்று. யாரும் யார் வாசலிலும் நிற்கவேண்டாம்.

எனக்கே என்மேல் கொஞ்சம் மதிப்பு வந்தது.

“கோயில்ல பேசக்கூடாது” என்றார் அம்மா.

“ஒரே ஒரு சொல்லும்மா. ‘கல்யாணத்துக்கு வா’ன்னு.”

“‘கல்யாணத்துக்கு’ எதுக்கு? அவனுக்குத் தெரியாதா? ‘வா’ போதும்.”

மாமாவுக்கு ‘வா’ போதவில்லை. “‘வா’ன்றது யாருக்குன்னாலும் சொல்றது. எங்கக்கா என்னை ‘வாடா’ன்னுதான் கூப்புடுவா.”

“பேரன் எடுக்கற வயசுல இருக்கற ஆம்பளைய கோயில்ல வெச்சி வாடாம்பாங்களா?” என்றார் அம்மா.

அந்த வாரம் முழுக்க, பேருந்திலும் போனிலும் ஒரு சொல்லுக்கு அலைந்தேன். முடிவில் அம்மா ‘வந்துடு’ என்பார், மாமா ‘வர்றேங்க்கா’ என்பார் என்று ஒப்புக்கொண்டார்கள். அந்த ‘அக்கா’வை உள்ளே கொண்டுவர நான் பட்ட பாட்டைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

மூன்றாம் ஓலை

மூன்றாம் ஓலை ஞாயிறு. எங்கள் பங்குப் பாதிரியார் தியானத்துக்குப் போயிருந்தார். பூசை வைக்க வெளியூரிலிருந்து ஓர் இளம் பாதிரியார் வந்திருந்தார். அடுத்து ஒரு கிராமத்திலும் அவருக்குப் பூசை. ஜல்தியாகப் போனார். மறையுரை ஆரம்பித்ததும் முடிந்ததும் ஒன்றாக இருந்தன.

ஓலை வாசித்தார்கள். தங்கையின் பெயரும் மாப்பிள்ளையின் பெயரும் ஒலிபெருக்கியில் கரகரத்தன. அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். பாதையின் மறுபுறம் மாமா வெள்ளைச் சட்டையில், வழக்கத்தைவிட நேராக.

பரலோக மந்திரம் முடிந்தது. இப்போது பாதிரியார் மக்களைப் பார்த்து அந்த வரியைச் சொல்ல வேண்டும்.

நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் சொல்லவில்லை. கை அப்பத்தை எடுத்தது. பிட்டது. நேரம் இல்லாதபோது அந்த வரியை விட்டுவிடப் பாதிரியாருக்கு அனுமதி உண்டு என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஆர்மோனியம் தொடங்கியது. பாடகர் குழு, அப்பம் பிட்கும்போது பாடும் செம்மறியின் பாட்டை எடுத்துவிட்டது.

திடுக்கிட்டு, பக்கத்தில் நின்ற அம்மாவின் பக்கம் திரும்பினேன். கோயில் முழுக்கப் பீடத்தைப் பார்த்து நின்றது. இருவர் மட்டும் பாதைக்குக் குறுக்கே ஒருவரையொருவர் பார்த்து நின்றார்கள். மாமாவின் கை நெஞ்சுக்குப் பாதி தூரத்தில் இருந்தது. அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. என் பக்கம் அவர் முதுகு. நான் மறுபடியும் பாதிரியாரைப் பார்த்தேன், ஏதோ அவர் இன்னும் சொல்லிவிடக்கூடும் என்பதுபோல.

மீண்டும் திரும்பியபோது இருவரும் பீடத்தைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்கள்.

சாட்சி

“பாத்தியா அவனை? மூஞ்சியத் திருப்பிக்கினான்” என்றார் அம்மா, செருப்பைக்கூடக் கழற்றாமல்.

“அம்மா, ஃபாதர் இன்னிக்கு...”

“ஃபாதரை எதுக்கு இழுக்கற? இது எனக்கும் அவனுக்கும்.”

அதற்குள் மாமாவின் போன். அம்மா பக்கத்திலேயே நின்றார், கேட்காததுபோல.

“பாப்பா, நீ சொன்னாப்ல நான் திரும்பினேன். அவ வாயே தொறக்கல. திரும்பிக்கினா.”

“அம்மா நீங்க திரும்பிக்கினீங்கன்றாங்க மாமா.”

“நீ அவ பக்கத்துலதான நின்ன? யாரு மொதல்ல திரும்பிக்கினது? நீ சொல்லு.”

“நான் ஃபாதரைப் பாத்துக்கினு இருந்தேன் மாமா.”

“ஒலகத்துச் சண்டையெல்லாம் படிக்கிற. ரெண்டு பெஞ்சுக்கு நடுவுல நடந்ததைப் பாக்கல நீ” என்றார். கோபமாகக்கூட இல்லை. “சரி, வெய்யி.”

செஞ்சி மாமாவுக்குச் சொல்லியனுப்பினோம். ஸ்டெல்லா எங்களோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். நான் மேசைமுன் உட்கார்ந்து கட்டுரையைத் திறந்துவைத்து, ஒரு பத்தியைப் பல நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாசல்

கல்யாணக் காலை. திண்டிவனத்துக்குப் போகக் கார் தெருமுனையில் நின்றது. ஸ்டெல்லா பட்டுப்புடவையில், நடுக்கூடத்து நாற்காலியில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செஞ்சி மாமா மாலையை வைத்துக்கொண்டு, எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார். நல்ல மனிதர். அவருக்கு யார் மேலும் கோபமில்லை, யாருடைய கோபமும் புரியவும் இல்லை.

“எந்திரிம்மா, நேரமாவுது” என்றார்.

அவள் எழுந்திருக்கவில்லை.

வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். சகாயம் அத்தை மடியில் ஈரத்துணி சுற்றிய மாலையோடு இறங்கினார். பின்னாலேயே மாமா. செருப்பை விட்டுவிட்டு நேராகக் கூடத்துக்கு வந்தார். யாரையும் பார்க்கவில்லை.

“தள்ளுண்ணே” என்றார் செஞ்சி மாமாவிடம்.

அவர் விலகிய வேகத்தைப் பார்த்தால், பத்து வருடமாக அதற்குத்தான் காத்திருந்தவர்போல இருந்தது.

மாமா மாலையை எடுத்து ஸ்டெல்லாவின் கழுத்தில் போட்டார். சம்பங்கியும் ரோஜாவும் கட்டிய கனத்த மாலை. அவள் எழுந்து அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். “பவுடர் போவுது பாரு” என்றார் மாமா. அவர் சட்டையின் தோள்பட்டையில் பவுடர் ஒட்டியிருந்தது. நாள் முழுக்க அதைத் துடைக்கவில்லை.

அம்மா சமையலறை நிலைப்படியில் நின்றிருந்தார். மாமா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அம்மாவும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் சொன்னார்.

“உங்க மாமாவுக்கும் அத்தைக்கும் காப்பி குடு.”

பத்து வருடமாக அவர் வாயில் தம்பி ‘அவன்’தான்.

திண்டிவனத்தில்

பூசை முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. கைகழுவும் இடத்தில் மாமா தனியாக நின்றார். அருகே போய், ஏன் வந்தீர்கள் என்று கேட்டுவிட்டேன். கேட்கக்கூடாத கேள்விதான். ஆனால் எனக்குத் தெரியவேண்டியிருந்தது.

மாமா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். நிதானமாக யோசித்துச் சொன்னார்.

“ஃபாதர் சொன்னா ஊரே திரும்பும் பாப்பா. அன்னிக்கு அவரு சொல்லவே இல்ல. கோயில்ல ஒருத்தரும் திரும்பல. அவ திரும்பினா. எனக்கு வூட்டுக்குப் போயிக் கோவமெல்லாம் அடங்கின அப்புறந்தான் அது ஒறைச்சிது.” பிறகு, “யாரு சொல்லி திரும்பினா? தானாதான திரும்பினா?” என்றார்.

நான் தலையாட்டினேன். ஆட்டிக்கொண்டே குழம்பினேன். வாராவாரம் அந்த இடத்தில் அம்மா திரும்புகிறவர். அன்று திரும்பும்படி நான் வேறு ஒரு வாரமாகப் பாடம் நடத்தியிருக்கிறேன். உடம்பின் பழக்கம் திரும்பியதா, என் ஏற்பாடு திரும்பியதா, அக்கா திரும்பினாரா? மாமா எதற்கு வந்திருக்கிறாரோ அது அங்கே இருந்ததா என்பதே எனக்குத் தெரியவில்லை. சொல்லலாமா என்று வாய்வரை வந்தது. மாமா பீடா எடுக்கப் போய்விட்டார்.

மாலை வெயில் மண்டபத்துக்குள் சாய்ந்தபோது அம்மா மீந்த லட்டுகளைப் பைகளில் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து நூலை வெட்டிக் கொடுத்தேன். கையெல்லாம் நெய்ப்பிசுக்கு.

“இன்னா சொன்னான்?” என்றார், தலைநிமிராமல்.

“யாரு?”

“கை கழுவற எடத்துல நின்னுக்கினு பேசினீங்களே. எதுக்கு வந்தானாம்?”

“அன்னிக்குக் கோயில்ல நீ அவரைப் பாத்துத் திரும்பினியாம். அதுக்குத்தானாம்.”

அம்மாவின் கை நின்றது. ஒரு லட்டை எடுத்தார், பையில் போட்டார், இன்னொன்றை எடுத்தார்.

“ஃபாதர் சொன்னாரு. திரும்பினேன்” என்றார். “அவரு சொல்லாமலா திரும்புவேன்? நான் எதுக்குத் தானா திரும்பறேன்?”

மண்டபத்தில் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் சத்தம்.

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“சொன்னாரு இல்ல? நீதான அவரைப் பாத்துக்கினு இருந்தேன்ன.”

திண்டிவனம் நீதிமன்றத்தில் எத்தனையோ பேரைக் கூண்டில் ஏற்றி, பார்த்ததைப் பார்த்தபடி சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த ஞாயிறன்று அந்தப் பாதிரியாரின் வாயைக் கண்ணிமைக்காமல் பார்த்தது அந்தக் கோயிலில் நான் ஒருத்திதான். அம்மாவின் கண்ணில் ஒரு பயம் தெரிந்தது. நான் எந்தப் பதிலைச் சொல்லிவிடுவேன் என்று பயந்தார் என்பதை இன்றுவரை என்னால் நிச்சயமாகச் சொல்லமுடியவில்லை.

“சொன்னார்மா” என்றேன்.

அம்மா தலையசைத்தார். கையிலிருந்த பை பாதிதான் நிறைந்திருந்தது. பக்கத்துப் பையிலிருந்து இரண்டு கை லட்டை அள்ளி அதில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, மற்றவற்றிலிருந்து தள்ளித் தனியாக வைத்தார்.

“நாளைக்குக் காணைக்குக் காலையில எத்தினி மணிக்கு பஸ்ஸு?” என்றார்.